உச்சியில் திறந்த சோடாப் போத்தல்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது இது. தொடங்கியது திருகோணமலையில், எங்கள் வீட்டு வாசலில். சிவனொளிபாத மலை உச்சிவரை போய், மறுபடியும் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கத்திலேயே வந்து முடிந்தது. இந்த ஒரு சுற்றில் என் கணவரின் கால்கள் இரண்டும் போகப் பார்த்தன. அதற்குக் காரணம் நான்தான் என்பதால், இதை நானே சொல்வதுதான் நியாயம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் வரும்வரை ஒரு தரிப்பிடத்தில் நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்து, நடுவழியில் அந்த பஸ்ஸையே தவறவிடுகிற ஆள் நான். சோறு வேகும்முன் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் விடையை யோசித்து முடிக்குமுன் நானே சொல்லிவிடுவேன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

என் கணவர் அப்படியே எதிர். அவர் சுழியோடி. சாம்பல்தீவுக் கரையிலிருந்து படகில் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்துக்கு இறங்கிக் கடலட்டை பிடிப்பார். அத்தனை ஆபத்தான வேலை செய்கிற மனுஷன், வீட்டில் செருப்புப் போடவே ஐந்து நிமிடம் எடுப்பார். "ஆறுதலா" என்பது அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல். ஆறுதலா வாரும், ஆறுதலா சாப்பிடும், ஆறுதலாக் கதையும். எங்கள் ஊரில் அதற்கு மெதுவாக என்று அர்த்தம். கல்யாணம் கட்டிப் பதினாறு வருடத்தில், அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரத் தொடங்கியிருந்தது.

மலை ஏறும் ஆசை என்னுடையது. வருடாவருடம் வாழிடங்கள் என்ற பாடத்துக்குக் கரும்பலகையில் ஒரு மலையை வரைவேன். அடியில் வறண்ட பற்றைக்காடு, அதற்கு மேல் மழைக்காடு, அதற்கும் மேல் முகில் படியும் குட்டைக்காடு. மேலே போகப் போக இலை சிறுக்கும், மரம் குள்ளமாகும் என்று பெரிய குரலில் சொல்லுவேன். அவ்வளவும் புத்தகத்தில் பார்த்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை என்றால் கோணேசர் கோயில் நிற்கிற பாறைதான். ஒரு தரமாவது என் கண்ணால் பார்த்து, என் கையால் இலையை அளந்துவிட்டு வந்து படிப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குறித்துக்கொள்ளப் புதுக் கொப்பி வாங்கி, அளக்க அடிமட்டத்தையும் பையில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போவதென்று பேசியிருந்தோம். வியாழனோடு கடல் வேலையை நிறுத்தி, இரண்டு நாள் உடம்பை ஆறவிட்டுப் போகலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் வியாழன் காலை ஒரு ஆசிரியைத் தோழி போன் எடுத்து, மலை நாட்டில் மழை தொடங்கப் போகிறது, வார இறுதியில் சனம் தள்ளுமுள்ளு என்று சொன்னாள். அதோடு என் கால் தரையில் நிற்கவில்லை. பின்னேரம் அவர் தலையில் உப்புத்தண்ணீர் காயாமல் வீட்டுக்கு வந்தபோது, நான் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன்.

"என்னப்பா இது?" என்றார்.

"நாளைக்கே போவம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா மத்தியானம் அடிவாரம். வெளிச்சத்திலயே ஏறிடலாம்."

அவர் கதிரையில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். பிறகு சொன்னார்: "இண்டைக்கு மூண்டு தரம் இறங்கினனான். ஞாயிறே போவமே. சுழியோட வாற வெள்ளைக்காரருக்குச் சொல்லுறவங்கள், சுழியோடினா ஒரு நாளைக்குப் பிளேன் ஏறக்கூடாதெண்டு."

"நாங்கள் என்ன பிளேனிலயா போறம்? காரிலதானே!" என்றேன் நான், விஞ்ஞான ஆசிரியை.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படகுக் கூட்டாளியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு விடியற்காலை புறப்பட்டோம். அவர்தான் ஓட்டினார். கன்னியாவைக் கடக்கும்போதே நான் கொப்பியைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் வர வர ஹபரணைக் காடு, தம்புள்ளை வயல், மாத்தளையில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், கண்டி தாண்டியதும் வெயிலே இல்லாத ஈரப் பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். நடுநடுவே "கொஞ்சம் மிதியுங்கோவன்" என்று அவரையும் விரட்டினேன். சாப்பிட நிறுத்த விடவில்லை. மடியில் வைத்து இடியப்பப் பார்சலைப் பிரித்து, ஓட்டிக்கொண்டிருந்தவர் வாயில் ஊட்டிவிட்டேன்.

நாவலப்பிட்டி கடந்து வளைவுகள் தொடங்கியபோது அவர் வலியில் இடது தோளைத் தடவினார். "தோள் உழையுது" என்றார்.

"ஸ்டியரிங் பிடிச்ச உழைவுதான். போய்ச் சேர்ந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த முதல் தேயிலைத் தோட்டத்தைக் குறித்துக்கொண்டேன்.

நல்லதண்ணியில் காரை நிறுத்தும்போது பன்னிரண்டரை. ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். அந்த நேரத்தில் ஏறுகிறவர்கள் குறைவு. சூரிய உதயம் பார்க்க இரவில் ஏறுவதுதான் எல்லோரின் வழக்கம். நான் வந்தது சூரியனைப் பார்க்க அல்ல, மரத்தைப் பார்க்க. தேயிலைக்குள்ளால் பாதை போகும்வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆற்றைக் கடந்ததும் காடு தொடங்கியது. உள்ளங்கையை விட அகலமான இலைகள், மரத்தின் மேல் மரம் படர்ந்த மழைக்காடு. நான் பதினைந்து வருடமாக வரைந்த படம் எனக்கு முன்னால் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே இலையை அளந்து எழுதினேன்.

ஈரத்தில் நின்றதால் எங்கள் காலில் அட்டை ஏறியிருந்தது. அவர் குனிந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே, "கடலில நான் அட்டையைப் பிடிக்கிறன். இஞ்ச அட்டை என்னைப் பிடிக்குது" என்றார். அவர் அன்று சொன்ன கடைசிப் பகிடி அதுதான்.

பிறகு படிகள். கொங்கிறீற்றுப் படிகள், முடிவில்லாமல். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவாய்" என்று வாழ்த்துவார்கள். கருணை கிடைக்கட்டும் என்பது போல ஒரு சிங்கள வாழ்த்து. நானும் திருப்பிச் சொல்லிவிட்டு, கூடவே எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாலாவதாக நான் கேட்ட அம்மா ஒருவர்தான் நின்று, என் கையைப் பிடித்து விளக்கினார். அந்த மலையில் அப்படிக் கேட்கக் கூடாதாம். கேட்டால் தூரம் கூடிவிடுமாம். நான் தலையாட்டிவிட்டு, அடுத்த வளைவில் இன்னொருவரிடம் கேட்டேன்.

என் கணவர் பின்தங்கத் தொடங்கினார். இருபது படிக்கு ஒரு தரம் நின்றார். நான் மேலே போய் நின்று கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். "பதினைஞ்சு பாகத்தில ராசா, படியில பூனைக்குட்டியோ?" என்று கத்தினேன். கேட்ட இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இப்ப முழங்கையும் உழையுதப்பா" என்றார். நான் முதுகுப் பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். என் மனதில் அது பெரிய இரக்கம். பையை வாங்கியதோடு பிரச்சினை தீர்ந்தது என்று மேலே நடந்தேன்.

மரங்கள் குள்ளமாகிக்கொண்டு வந்தன. இலைகள் விரல் நீளத்துக்கு வந்து, பிறகு நகத்தளவுக்கு வந்தன. கிளையெல்லாம் பாசி. முகில் பாதையைக் குறுக்கறுத்துப் போனது. செக்கச் சிவந்த பூக்களோடு ஒரு மரம் நின்றது. அதையும் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். நான் எழுதுகிற வேகத்தில் பேனை கொப்பியைக் கிழித்தது.

உச்சிக்குக் கீழே, செங்குத்துப் படிகள் தொடங்குமுன், ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. தகரக் கூரை, உட்கார இரண்டு மர வாங்கு. அவர் அதில் இருந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. கடைக்காரப் பெண் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். கடையின் முன்னால் மிக்சர் பைகளும் முறுக்குப் பைகளும் சரம் சரமாகத் தொங்கின. ஒவ்வொன்றும் வெடிக்கப் போகிற மாதிரி உப்பியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, பாருங்கோ! இந்தப் பைகளைக் கீழ கட்டியிருக்கினம். இஞ்ச வெளி அமுக்கம் குறைவு. அதுதான் உள்ளுக்கிருக்கிற காற்று விரிஞ்சு நிக்குது." கடைக்காரப் பெண்ணுக்கும் அதையே விளக்கினேன். அவர் "ஆமாங்க, நாங்க எப்பவும் பாக்குறதுதானே" என்றார்.

என் கணவர் பையைப் பார்க்கவில்லை. தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் விறைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு, "நீர் போயிட்டு வாரும். உச்சியில அடிக்கிற மணிச்சத்தம் இஞ்சயே கேக்குது, கிட்டத்தான். நான் இதில இருக்கிறன். ஆறுதலாப் போட்டு வாரும்" என்றார்.

இந்த இடத்தை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன். அது களைப்பு இல்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று சொன்னது. ஆனால் மேலே மணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கொப்பியில் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடுவதா என்று இன்னொன்று சொன்னது. நான் இரண்டாவதைக் கேட்டேன். அவருக்கு என் கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டு, படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று ஏறினேன்.

உச்சியில் குளிர் காற்று அறைந்தது. கீழே முகில் மட்டும்தான். அங்கே ஒரு மணி இருக்கிறது. எத்தனை தரம் மலை ஏறினீர்களோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். முதல் தரம் வந்தவர்களுக்கு ஒரே ஒரு அடி. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் பன்னிரண்டு தரம் அடித்தார், ஆற அமர. எனக்கு நிற்க முடியவில்லை. தாகமும் எடுத்தது. பையில் வீட்டிலிருந்து கொண்டு வந்த சோடாப் போத்தல் இருந்தது. பிளாஸ்டிக் போத்தல், கல் மாதிரி இறுகியிருந்தது. வழக்கமான அவசரத்தில் மூடியை ஒரே திருகாகத் திருகினேன்.

புஸ் என்று சீறிக்கொண்டு வந்து என் சட்டை, கொப்பி, பக்கத்தில் நின்றவரின் தொப்பி எல்லாவற்றையும் நனைத்தது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நானும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். போத்தலுக்குள் குமிழிகள் அடியிலிருந்து கிளம்பிக் கிளம்பி வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அது என்னுடைய பாடம். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நான் சோடாப் போத்தல் ஒன்றைத் திறந்து காட்டுவேன். அமுக்கம் கூடினால் வாயு திரவத்தில் கரையும், அமுக்கம் சட்டென்று குறைந்தால் குமிழியாக வெளியே வரும் என்று. உதாரணத்துக்கு யாரைச் சொல்லுவேன் தெரியுமா? சுழியோடிகளைத்தான். ஆழத்தில் அவர்களின் இரத்தத்தில் நைதரசன் கரைகிறது, அதனால்தான் அவர்கள் மெதுவாக மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டி மூட்டு வலிக்கும், கால் விறைக்கும், நடக்க முடியாமலே போகலாம் என்று. கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பரீட்சைக்குக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன்.

தோள், முழங்கை, விறைத்த கால். மூன்றையும் அவர் என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பதினைந்து பாகத்திலிருந்து மேலே வந்த மனுஷனை, மறுநாள் நாலு மணிக்கு நான் மலைத்தலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கடலின் மேல்மட்டத்துக்கு வந்தால் ஏற்றம் முடிந்தது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்திருந்தோம். அது முடியவில்லை. ஹபரணையிலும் கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் அவர் மேலே வந்துகொண்டேதான் இருந்தார். பின்னால் இருந்து வேகமாக வா, வேகமாக வா என்று தள்ளிக்கொண்டிருந்தது நான்.

மணியை அடிக்கவில்லை. வரிசையை விட்டு ஓடினேன். அந்தச் செங்குத்துப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. கை முழுக்கக் கம்பி உரசின காயம் இருந்ததை மறுநாள்தான் கண்டேன்.

அவர் வாங்கில் சாய்ந்திருந்தார். கடைக்காரப் பெண் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் கணவர் எழும்பப் பார்த்தார். வலது கால் மடிந்துவிட்டது. வாங்கைப் பிடித்துக்கொண்டு, "கால் என்ர சொல்லைக் கேக்குதில்ல" என்றார். குரலில் பயம் இருந்தது. கடலில் புயல் அடித்த நாளில்கூட நான் அவரிடம் கேட்காத குரல் அது. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். "உடனே கீழ போகவேணும், உடனே போகவேணும்" என்றதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

அப்போதுதான் அந்த அண்ணன் வந்தார். கடைகளுக்கு அரிசி, சீனி எல்லாம் அடிவாரத்திலிருந்து முதுகில் சுமந்து ஏற்றும் தோட்டத் தொழிலாளி. சுமையை இறக்கிவிட்டு வெறும் சாக்கோடு கீழே போகப் புறப்பட்டவர். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். என்ன ஏது என்று ஒரு கேள்விதான் கேட்டார். நான் அழுதழுது சொன்னதில் பாதியாவது அவருக்கு விளங்கியிருக்குமோ தெரியாது. சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவருக்கு முன்னால் முதுகு காட்டிக் குந்தினார்.

"ஏறுங்கண்ணே. அரிசி மூட்டைய ஏத்துறதுதானே என் வேலை. நீங்க என்ன, கொஞ்சம் பெரிய மூட்டை" என்றார். பிறகு எழும்பிக்கொண்டே, "ஒன்னு மட்டும். பேசிக்கிட்டே வரணும். மூட்டை பேசாது, மனுசன் பேசணும். பேச்சு நின்னா நான் நின்னுருவேன்" என்றார்.

இறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிங்கள இளைஞர்கள் எதுவும் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்தார்கள். எவர் முதுகில் இருந்தாலும் அந்த அண்ணன் பக்கத்தில் நடந்தபடி என் கணவரைக் கதைக்க வைத்தார். கடல்ல என்ன வேலை, எவ்வளவு ஆழம், பயமா இருக்காதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன்னால் பையோடு நடந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

என் கணவர் விட்டு விட்டுச் சொன்னார். அடியில் தண்ணி எவ்வளவு குளிர் என்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வருவேன் என்று. பாதியில் ஒரு இடத்தில் நின்று, மேலே படகின் அடிப்பக்கம் தெரிந்தாலும் போகாமல், எண்ணிக்கொண்டு நிற்பேன் என்று. "எங்கட மூச்சுக் குமிழி இருக்குத்தானே, அதில ஆகச் சின்னக் குமிழி ஒண்டைப் பாத்து வைக்கவேணும். அது போற வேகத்தை விடக் கூடுதலாப் போகக்கூடாது. அதுதான் எங்களுக்குக் கணக்கு."

பதினாறு வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. இல்லை, சொல்லத் தொடங்கியிருப்பார். நான்தான் பாதியில் மிச்சத்தைச் சொல்லி முடித்திருப்பேன்.

ஒரு இடத்தில் சுமை மாற்ற நிறுத்தியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்ல? இப்பிடிச் செய்யுது எண்டு ஏன் சொல்லேல்ல?"

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்: "சொன்னனான் தானேயப்பா."

ஓம். மூன்று தரம் சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன்.

அடிவாரத்துக்கு வந்தபோது பொழுது பட்டிருந்தது, அவருடைய இடது காலும் விறைத்துவிட்டிருந்தது. முதலுதவி நிலையத்தில் ஒட்சிசன் வைத்து, அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் டொக்டர். சுழியோடியை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். எத்தனை தரம் இறங்கினார், எவ்வளவு ஆழம், கடைசியாக எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று எழுதிக்கொண்டார். போன் எடுத்து யார் யாரிடமோ விசாரித்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார், இதற்குச் சுழியோடிகளுக்கென்று அமுக்க அறை ஒன்று வேண்டும், அது திருகோணமலையில்தான் இருக்கிறது என்று. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அம்புலன்ஸ் சாரதியிடம் நான் கேட்டது ஒன்றுதான். இந்த இடத்தை விட உயரமான இடம் எதுவும் வழியில் வரக்கூடாது. அவர் யோசித்துப் பாதையைச் சொன்னார். காலையில் நான் ஒவ்வொரு பக்கமாக எழுதிக்கொண்டு ஏறிய அதே பாதைதான். தேயிலை, மிளகு, வயல், காடு, எல்லாம் இருட்டுக்குள் தலைகீழ் வரிசையில் திரும்பிப் போயின. ஒட்சிசன் முகமூடிக்கு மேலே அவர் கண் திறந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருகோணமலையில் அந்த அமுக்க அறை ஒரு இரும்புப் பீப்பாய் போல இருக்கும், படுக்கை கொள்ளுகிற அளவு. பக்கத்தில் சின்ன வட்டக் கண்ணாடி. அவரை உள்ளே படுக்கவைத்துக் கதவை இறுக்கினார்கள். உள்ளே அமுக்கத்தைக் கூட்டி, அவரைத் தரையில் வைத்தே மறுபடியும் கடலுக்கு அடியில் இறக்கியது போல இறக்கி, குமிழிகளைத் திரும்பக் கரைய வைப்பார்கள். பிறகு மிக மெதுவாக மேலே கொண்டுவருவார்கள். அதுதான் வைத்தியம். அதை நான் விளங்கிக்கொண்டேன். விளங்கியதால் காத்திருப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். நான் அதில் இருக்கவில்லை. நடந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். மீட்டரின் முள்ளைப் பார்த்தேன். முள் அசைவது கண்ணுக்கே தெரியவில்லை. அறையை இயக்கிக்கொண்டிருந்தவர் அமைதியான மனுஷர். ஒரு கொப்பியில் நேரத்தைக் குறித்து, வால்வைத் தொட்டும் தொடாமலும் திருப்பி, மறுபடி கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் போய் நின்றேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம்?

அப்போது அந்த மலையில் என் கையைப் பிடித்து, அப்படிக் கேட்கக் கூடாது என்று சொன்ன அம்மாவின் முகம் வந்தது. இதை அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷர் நிமிர்ந்து, "என்ன ரீச்சர்?" என்றார். "ஒண்டுமில்ல. ஆறுதலாச் செய்யுங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லைச் சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. போய்க் கதிரையில் இருந்தேன். வெளியே விடிந்து, வெயில் ஏறி, துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியதும் கேட்டது. நான் எழும்பவில்லை.

கதவைத் திறந்தபோது இடது கால் முழுதாக அசைந்தது. வலது கால் பாதி. இன்னும் இரண்டு நாள் அதே அறைக்குள் போய் வந்தார். மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். நடந்து வந்து என் தலையில் கையை வைத்தார். நான் வார்டு என்றும் பாராமல் குழறி அழுதேன்.

முழுதாகச் சரியாகவில்லை. வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. இனிக் கடலில் இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவர் படகில் மேலே இருந்து மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறார். அவர் கயிறு பிடித்தால் ஒருவரும் அவசரமாக மேலே வர ஏலாது என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் சில பின்னேரங்களில் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பக்கத்தில் போக எனக்குத் துணிவு வருவதில்லை.

அந்தச் சுமை தூக்கும் அண்ணன், எங்கள் போன் நம்பரைக் கடதாசித் துண்டில் எழுதி வாங்கியிருந்தார். ஒவ்வொரு வருடமும் மலை ஏறும் பருவம் தொடங்கும்போது போன் எடுத்து, "அண்ணே நடக்கிறாருங்களா?" என்று கேட்பார். நான் கருவாட்டுப் பொதி அனுப்புவேன். மலைக்கு வந்து மணியை அடித்துவிட்டுப் போங்க என்று கூப்பிடுகிறார். எனக்கு அந்த மணியில் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கொப்பியில் கடைசிப் பக்கமும் அப்படியே வெறுமையாகத்தான் கிடக்கிறது. சோடா காய்ந்த கறை மட்டும் இருக்கிறது.

வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது இப்போதும் போத்தலைத் திறந்து காட்டுகிறேன், மூடியைக் கால் திருகு திருகிக் காத்திருந்து, மறுபடி கால் திருகு திருகி. பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். எனக்கும்தான். நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கு இன்றும் இருப்புக் கொள்வதில்லை. காலையில் வெளிக்கிட்டு நான் கேற்றடியில் நிற்க, அவர் வாசற்படியில் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத அந்த இரண்டு விரல்களும் செருப்புக்குள் சரியாகப் போயினவா என்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த ஐந்து நிமிடமும் நான் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். நிற்கப் பழகியது நான், அதற்காக மரத்துப்போனது அவருடைய கால் என்பதை நினைக்காமல் ஒரு நாளும் அந்தக் கேற்றை நான் திறந்ததில்லை.